சொல்லாத ஜெபக் குறிப்பு

முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து வருகிறேன். வேலையில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. அப்படி யாராவது இருந்தாலும் என் காதுபடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வகுப்பில் வேதம் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் இறகையும் நூலையும் வைத்துத் தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டுவேன். மீன் அதை நிஜம் என்று நம்ப வேண்டும், வித்தையே அதில்தான் இருக்கிறது.

"கிறிஸ்தவன் பண்ற வேலையா ஹாலிஸ் இது?" என்பாள் வெல்டா. எங்கள் சபையில் பியானோ வாசிப்பவள்.

"பேதுருவும் மீன் புடிச்சவருதான்."

"அவரு வலை போட்டாரு. உன்ன மாதிரி ஏமாத்தல."

அவள் கணவன் கார்லண்ட், பதினேழாம் எண் பேருந்தின் டிரைவர்.

வட கரோலினாவில் எங்கள் மலைப் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்வோம். முழங்கால் வலி, மகனுக்கு வேலை, அத்தைக்கு ஆபரேஷன். வெளியே சொல்ல முடியாத விஷயம் என்றால் கையைத் தூக்கி, "சொல்லாத குறிப்பு" என்றால் போதும். யாரும் துருவ மாட்டார்கள், ஜெபிப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது காருக்குள் அது என்னவாக இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். அது வேறு கதை.

அந்த ஏப்ரல் புதன்கிழமை பதினேழின் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டை மாற்றினேன். மறுபடி மாட்டும்போது பத்து நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றுவேன். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒவ்வொரு நட்டையும் அளவு பார்த்து முறுக்கி, முறுக்கிய நட்டின் மேல் மஞ்சள் பேனாவால் ஒரு கோடு போடுவேன். கோடில்லாத வண்டி என் கையை விட்டுப் போனதில்லை. அன்று, ஆற்றின் மேல் ஈ பறக்க ஆரம்பித்துவிட்டது என்று ஒரு நண்பன் போன் செய்தான். மீன் மேலே வரும் நாள் அது. அவசரமாகக் கிளம்பினேன். இரண்டு மீன் சிக்கியது, நல்ல மீன்கள்.

ஆறரைக்கு ஜெபக் கூட்டம். போதகர் ரட்லெட்ஜ் வாசித்த வசனத்தை அடிக்கோடிடலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன். வந்தது மஞ்சள் பேனா. காய்ந்துபோன பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு அன்று காலையில்தான் புதிதாக எடுத்திருந்தேன். அதன் மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழியவே இல்லை.

அப்படியானால் பதினேழுக்கு நான் கோடே போடவில்லை. வண்டியை இறக்கியது நினைவிருக்கிறது. சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நினைவிருக்கிறது. முறுக்கியது நினைவில்லை. பதினேழு அப்போது, சாஃப்ட்பால் ஆடப் போன பதினான்கு பெண்பிள்ளைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இனி கணவாய் ஏறி, வளைந்து வளைந்து இறங்கி வர வேண்டும்.

எழுந்து கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முறை வந்ததும் கையைத் தூக்கி, "சொல்லாத குறிப்பு" என்றேன்.

முறுக்கித்தான் இருப்பேன், கோடு மட்டும் மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தெரிந்தால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பது? என் முகத்தைப் பற்றித்தான் யோசித்தேன், சக்கரத்தைப் பற்றி இல்லை. இன்று நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"ஹாலிஸ் பிரதருக்காக யாரு ஜெபிக்கிறீங்க?" என்றார் போதகர்.

"நான் பண்றேன்" என்றாள் வெல்டா.

எல்லோரும் தலை குனிந்தோம்.

"ஆண்டவரே, ஹாலிஸ் நெஞ்சுல என்ன பாரம் இருக்குன்னு உமக்குத் தெரியும். அவனோட கலக்கத்தை எடுத்துப்போடும். அவனுக்குச் சமாதானத்தைத் தாரும். இன்னைக்கு அவன் நிம்மதியாத் தூங்கட்டும்."

சுற்றிலும் ஆமென் என்ற முனகல். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு லேசாக ஆரம்பித்தது. அதுதான் கொடுமை. அதோடு அவள் முடித்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். அவள் முடிக்கவில்லை.

"அப்படியே, கார்லண்டையும் பிள்ளைங்களையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வாரும்."

"வெல்டா, நிறுத்து." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கார்லண்டுக்குப் போன் போடு. பதினேழோட சக்கரத்தை நான் முறுக்கினேனான்னு தெரியல. கையெழுத்து மட்டும் போட்டுட்டேன்."

அவள் உடனே போன் போட்டாள். கார்லண்ட் எடுக்கவில்லை, வேலை நேரத்தில் அவன் போனைத் தொட மாட்டான். அடுத்து, பிள்ளைகளோடு போயிருந்த கோச்சுக்குப் போட்டாள். கணவாயில் ஏறிவிட்டால் சிக்னல் கிடையாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கோச் எடுத்தாள்.

"பர்கர் வாங்கிட்டு இப்பதான் கிளம்புறோம், என்ன விஷயம்?"

"கிளம்பாதீங்க" என்றாள் வெல்டா. "கார்லண்ட இறங்கி முன்னாடி வலது சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்க."

காத்திருந்தோம். போதகரும் நின்றுகொண்டுதான் இருந்தார். பிறகு போனின் ஸ்பீக்கரில் கார்லண்டின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மூணு நட்டு விரலாலயே சுத்துது. ஒண்ணு ஆளையே காணோம். யாரு பார்த்த வண்டி இது?"

"நான்தான், கார்லண்ட்."

"வேற வண்டி அனுப்பு" என்று மட்டும் சொன்னான்.

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வெளியே போகும். வகுப்பை நானே விட்டுவிட்டேன்.

அன்று மாற்று வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத் திரும்பி வரும்வரை வெல்டா ஆலய வாசல்படியில் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உனக்காக நான் என்ன கேட்டேன் ஹாலிஸ்?"

"சமாதானம்."

"அதை ஆண்டவர் குடுத்திருந்தார்னா?"

அதற்குள் பேருந்தின் விளக்குகள் தெரிந்தன. அவள் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது ஜூன் மாதத்தில்தான்.