வரவேற்பு மேசையில் ஒரு தட்டு

எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்க மண்டபத்துக்கு ஏர்கோன் போட்டார்கள். சன்னல்களைச் சாத்தியதால் சிகரெட் புகை உள்ளேயே தங்கியது. என் மனைவிக்கு ஆஸ்துமா. அதன் பிறகு ஏழு கல்யாணங்களிலிருந்து அவள் வாசலோடு திரும்பியதாக என் நாட்குறிப்பு சொல்கிறது. எட்டாவது, அவளுடைய ஒரே தம்பியின் கல்யாணம். நாத்தனார் முடிச்சை அவள்தான் போட வேண்டும்.

வீடு வீடாக ஏறி, மண்டபத்துக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். சங்கத் தலைவர் வாயில் சிகரெட்டோடுதான் மனுவைப் படித்தார்.

"சரி தம்பி, உங்க வீட்டுக் கல்யாணத்துலயே போர்டு மாட்டிப் பாப்போம். யாரும் கேக்கலன்னா கழட்டிருவேன்."

மூன்று மொழிகளில் எழுதி, அளவெடுத்து மாட்டினேன். ஓமத்தைச் சிறிதாக வளர்க்கும்படி ஐயரிடமும் சொல்லிவைத்தேன். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. எட்டே முக்காலுக்கே மண்டபம் புகையில் வெள்ளையாகியிருந்தது! மனைவி பட்டுப்புடவையில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

தலைவர் என் தோளைத் தட்டினார். "ஏன் தம்பி, போர்டும் நீங்களே மாட்டி, சிகரெட்டும் நீங்களே நீட்டுறீங்களா? நல்லாருக்குலா!"

திரும்பிப் பார்த்தேன். வரவேற்பு மேசையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச்செம்பு. பக்கத்தில் வெள்ளித் தட்டு நிறைய சிகரெட். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அதை நீட்டுவது மரியாதை. முந்தைய கல்யாணத்துச் சாமான் பட்டியலை ஒரு வரி விடாமல் பார்த்தெழுதியவன் நான்தான்.

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அண்ணே, அங்கிள், மரியாதையெல்லாம் இனிமே மரத்தடியில! வாங்க, வாங்க!"

சிரித்துக்கொண்டே தட்டின் பின்னால் கூட்டமே வந்தது; தலைவரும்தான். உள்ளே ஓடிச் சன்னல்களைத் திறந்தேன். பத்து சன்னல்கள். ஒன்பது இருபதுக்கு மனைவி கைக்குட்டையை இறக்கி, ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு மேடையேறினாள். கெட்டிமேளம் முழங்க அவள் முடிச்சுப் போட்டபோது நான் நாற்காலி மேல் நின்று கை தட்டினேன்.

"போர்டைக் கழட்டணுமா அண்ணே?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"இருக்கட்டும்யா. மரத்தடியில ரெண்டு பெஞ்சு போடு, கால் வலிக்குது."

பிறகு கிள்ளானிலிருந்து ஒரு மண்டபத்தார், போர்டு மாட்டியும் பயனில்லை என்று யோசனை கேட்டு வந்தார்கள். நான் போர்டைப் பற்றிப் பேசவேயில்லை. "தட்டு எங்க இருக்கு?" என்றுதான் கேட்டேன்.