அம்மாவைக் கடைசியில் எடுக்கலாம் என்றிருந்தேன்

சென்னையில் ஒரு கண்காட்சி. ஓவியங்களை போட்டோ எடுத்து செல்போனில் அனுப்பச் சொன்னார்கள். போட்டோகிராபரைக் கூப்பிட எனக்கு ஏது வசதி? உப்புநீர் ஏரிக்கரையில் எங்கள் மீனவக் குப்பத்து வீட்டையே ஸ்டுடியோ ஆக்கினேன். வாசலில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெயில் சாந்தமாகிவிடும். நிழல் விழும் பக்கத்தில் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். மூடியை மூன்று தடவை கழுவியும் இறால் நாற்றம் போகவில்லை. போட்டோவில் நாற்றம் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மொத்தம் ஒன்பது ஓவியம். எட்டில் படகும் வலையும். ஒன்பதாவது அம்மா. அவள் இறந்த மூன்றாம் மாதம், முகம் மறந்துவிடுமோ என்ற பயத்தில் வரைந்தது. உயிரோடு இருந்தவரை போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "இதெல்லாம் ஒரு மூஞ்சியா? போயி வேலையப் பாரு" என்பாள். வாக்காளர் அட்டையில் இருந்தது அம்மாவே இல்லை, மிரண்டுபோன யாரோ ஒருத்தி.

எட்டை எடுத்து முடிப்பதற்குள் வாசல் வெளிச்சம் போய்விட்டது. அம்மாவை நாளைக் காலையில் நிதானமாக எடுக்கலாம் என்று சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு மீஞ்சூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.

அண்ணனுக்கு பைபர் படகு பழுதுபார்க்கும் வேலை. உப்புக்காற்றில் ஓவியத்தின் ஓரம் பூஞ்சை பிடித்திருந்ததைப் பார்த்திருக்கிறான். படகுக்குப் பூசும் ரெசினை எடுத்து அம்மாவின்மேல் பூசிவிட்டான். ரெசின் பெயிண்டைத் தின்றுவிட்டது. காலையில் நான் பார்த்தபோது கண்ணும் புருவமும் கன்னத்தில் வழிந்து அப்படியே இறுகிக் கிடந்தன.

"இன்னாண்ணா பண்ண?"

"கெட்டுப்பூடக் கூடாதுன்னு பூசினேன்மே. தண்ணியிலயே கெடந்தாலும் ஒன்னியும் ஆவாதுன்னு..."

"அது படகாண்ணா? அம்மாண்ணா அது!"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ரெசின் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடி நின்றான். பாதிக் குற்றம் என்னுடையது. படகுகள் எங்கே ஓடிவிடப் போகின்றன? அவளைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

எட்டையும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் புதுப் பலகை ஒன்றை அறுத்து, வழவழவென்று தேய்த்துக் கொண்டுவந்தான். "இன்னொரு வாட்டி வரைமே. நான் தொடவே மாட்டேன்."

உட்கார்ந்தேன். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. அம்மாவின் புருவத்தில் படகு விளிம்பு இடித்த தழும்பு ஒன்று உண்டு. எந்தப் புருவம்? அண்ணன் வலது என்றான். எனக்கு இடது என்று பட்டது. வாக்காளர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அதில் தழும்பே தெரியவில்லை.

"இடதாத்தான் இருக்கும். நீதான அவ மூஞ்சிய நெனச்சி நெனச்சி வரைஞ்ச" என்றான்.

அவன் விட்டுக்கொடுத்ததுதான் தாங்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அம்மா செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதேன்.