உள்பக்கம் திறக்கும் கதவு

சுனாமியாய்க் கடல் வந்துபோய் மூன்று மாதம். கல்முனைக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் வாசலில் காவல், ஸைனுலாப்தீன் வோச்சர். மனைவியையும் ஒரே மகளையும் கடலுக்குக் கொடுத்தவர், ஒரு கிழமைகூட லீவு கிடைக்காமல் வேலைக்குத் திரும்பினார்.

அந்த நாட்களில், தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாராவது விரலால் தட்டினால் ஊரே எழுந்து ஓடும். என்ன அறிவிக்கிறார்கள் என்று நின்று கேட்க எவருக்கும் தைரியம் இல்லை. பிள்ளைகள் மேசையைத் தள்ளிவிட்டு வீதிக்குப் பாய்வார்கள். அதிபர் ஹமீட் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்: முதல் மணியோடு வாசல் கேற்றைப் பூட்டுவது.

"சேர், கேற் உள்ளுக்குத்தான் துறக்கும்" என்றார் ஸைனுலாப்தீன். "புள்ளைகள் வந்து முட்டினா இழுக்க ஏலாது."

"நீங்க எஞ்சினியரா?"

"இல்ல சேர், வோச்சர்."

"அப்ப வோச்சர்ர வேலையப் பாருங்க. நான் சொல்லாமத் துறக்கப்படாது."

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. ஒலிபெருக்கி டொக்கென்றது.

வகுப்புகள் கொட்டிக் கவிழ்ந்தன. பூட்டின் திறப்பு, கேற்றுக்கு வெளியே நின்ற ஸைனுலாப்தீனின் கையில் இருந்தது. அவர் கம்பிகளினூடே காரியாலயத்தைப் பார்த்தார். அதிபர் கையை ஆட்டினார்: "துறக்காதீங்க! மௌத் அறிவித்தல்தான்!" அந்தச் சில நொடி நின்றதுதான் தன் குற்றம் என்று அவர் பிறகு பலரிடம் சொன்னார். உத்தரவுக்குக் காத்திருக்கும்படி பழக்கியவர்களின் குற்றத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்தபோது கதவு அசையவில்லை. இருநூறு பிள்ளைகள் அதன்மேல். முன்வரிசையில் இரண்டாம் வகுப்பு ஸம்றா. கன்னம் கம்பியில் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவர் கடலுக்குக் கொடுத்த மகளின் வயதுதான்.

"பின்னுக்குப் போங்க, வாப்பா! பின்னுக்கு!" அவருடைய குரல் யாருக்கும் கேட்கவில்லை.

கேட்டது நதீரா டீச்சருக்கு. கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாய் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினார். முந்தானை கிழிந்தது. ஒரு பையன் கடித்தான். விடவில்லை. கதவு ஒரு சாண் உள்ளே வந்ததும் ஸைனுலாப்தீன் இடைவெளியில் கையை விட்டு ஸம்றாவை வெளியே எடுத்தார். நீலம் பாய்ந்த உதடு. முதுகைத் தடவினார். இருமினாள். இடது கை முறிந்திருந்தது.

அறிவித்தல் அதற்குள் முடிந்துவிட்டது. தொண்ணூறு வயதில் இறந்த ஒருவரின் ஜனாஸா, அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.

அதிபர் படித்த பாடம் வேறு. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், ஓடிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரம்படி விழும் என்று அன்றே அறிவித்தார். பயந்ததற்குத் தண்டனை! பிணங்களை மிதித்து வந்த பிள்ளைகள் பயப்படாவிட்டால்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

திங்கள் விடிந்ததும் ஸைனுலாப்தீன் அலவாங்குக் கம்பியோடு வந்தார். கேற்றின் கதவு இரண்டையும் பிணைச்சலிலிருந்து நெம்பித் தூக்கி, மதிலோடு சாத்தி வைத்துவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வேலை போனால் அகதி முகாமில் அரிசிக்கு நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா?

"யாரக் கேட்டுக் கழட்டின?" அதிபருக்கு மரியாதை மறந்துபோனது.

"ஸம்றாவக் கேட்டன், சேர்."

"உனக்கு இண்டைக்கே கடிதம் வரும்."

ஸம்றா கையில் மாக்கட்டோடு வந்திருந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றாள். "வோச்சர் காக்கா, பூட்டுவீங்களா?"

"பூட்டக் கதவு இல்ல மகள். போங்க."

கூட்டம் தொடங்கியது. முதல் பிள்ளை கையை நீட்டியது. "சேர், என்ர வகுப்பில கை வைக்க வேணாம்" என்று நதீரா டீச்சர் நடுவில் வந்து நின்றார். அதிபர் பிரம்பை ஓங்கினார்.

டொக்.

பிள்ளைகள் உறைந்தார்கள். ஓடினால் அடி, நின்றால் கடல். ஆனால் ஒருவர் ஓடினார். வெள்ளைச் சேட்டும் கழுத்தில் ரையுமாக ஸைனுலாப்தீனின் கதிரையைத் தட்டிவிட்டு வாசலைக் கடந்து, வீதியைக் கடந்து, எதிர்க்கடைப் படிகளில் ஏறிய பிறகுதான் நின்றார். அதிபர் ஹமீடுக்கும் கடலில் தம்பி ஒருவர் போயிருந்தார்.

ஒலிபெருக்கி, காணாமற்போன மாட்டுக்கன்று ஒன்றைப் பற்றிச் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. அதிபர் மெல்லத் திரும்பி வந்தார். பிரம்பு வீதியில் கிடந்தது, ஒரு லொறி அதன்மேல் போனது. கதவில்லாத வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"இருங்க, சேர்" என்று ஸைனுலாப்தீன் விழுந்த கதிரையை நிமிர்த்திக் கொடுத்தார்.

கடிதம் வரவில்லை. அந்தக் கதவு இன்றும் மதிலோடு துருப்பிடித்துச் சாய்ந்திருக்கிறது.