கோணி கட்டிய மணி

திங்கட்கிழமை காலைகளில் செங்கொடி டீச்சர் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்குவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வந்து, ஆளுக்கொன்றைப் பென்சிலில் மாட்டிக்கொள்வார்கள். "நழுவாம நிக்குதா? போ, குந்து." அவருடைய சிவப்புப் பேனாவிலும் ஒன்று உண்டு. அதனால் வளையம் யாருக்குத் தேவை என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

தேவை மகிமாவுக்கு. விம்கோ நகர் மளிகைக்கடைக்காரரின் மகள். வாய்க்கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. எழுத உட்கார்ந்தால் பென்சில் உருண்டுவிடும். பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். சோற்றில் பாதி மடியில். சோம்பேறி என்று யாராவது சொன்னால் டீச்சர் விடமாட்டார். "அவ இன்னா பண்ணுவா? மூளை சொல்றது கையிக்கு லேட்டா போய்ச் சேருது. நாம கொஞ்சம் காத்துகினு இருந்தா போச்சு." புளியந்தோப்புப் பேச்சை அவர் பள்ளி வாசலில் கழற்றி வைப்பதில்லை.

எங்கள் பள்ளி மணி, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. சாப்பாட்டு மணியை ஐந்தாம் வகுப்பில் தினம் ஒருவர் அடிப்பது வழக்கம். போன முறை மகிமா வீசிய கம்பி தண்டவாளத்தை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் ஆசீர்வாதம் சாரின் சைக்கிள் மேல் விழுந்தது. "இன்னொரு மட்டம் தப்புச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு முறையே கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றுவிட்டார். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுபடி அவள் முறை வந்த அன்று, டீச்சர் தம் வகுப்பை நாலாம் வகுப்பு எடுக்கும் என்னிடம் விட்டுவிட்டு அவளை மரத்தடிக்கு அழைத்துப்போனார். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதங்கள் வரைந்தார். கம்பியின் பிடியில் டியூபைச் சுற்றினார். சத்தம் கேட்டால் பள்ளியே தட்டோடு ஓடிவந்துவிடும் என்று தண்டவாளத்துக்குக் கோணி கட்டினார்.

"மொதல்ல காலு. அப்பால தோளு. கையி கட்சீல வரட்டும்."

"படலன்னா, டீச்சர்?"

"சார் சைக்கிள அந்தாண்ட தள்ளிட்டேன். நீ அடி."

சாப்பாட்டு நேரம் வந்தது. ஆசீர்வாதம் சார் வராந்தாவில் நின்று தலையசைத்தார். மகிமா பாதங்களின் மேல் நின்று, தோளைத் திருப்பி, குறி தவறாமல் அடித்தாள்.

பொத்தென்றது. அவள் முகம் சுருங்கியது.

டீச்சர் ஓடிப்போய்க் கோணியை உருவினார். "நீ கரீக்டா தான் அட்ச்சே, கண்ணு. இத்த அவுக்க மறந்தது நானு. சார், முறைய வெட்டணும்னா என்னுத வெட்டுங்க."

மகிமா மறுபடி காலைச் சரிபார்த்தாள். இம்முறை கணீரென்றது. "சத்தம் வந்துட்டுல்லா, முறை இருக்கட்டும்" என்றார் சார்.

பிள்ளைகள் தட்டோடு மரத்தடிக்கு வந்து சேருமுன், டீச்சர் கோணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாக்பீஸ் பாதங்களைச் செருப்பால் தேய்த்து அழித்தார்.