லிண்டாவின் லூப்பின் செடிகளை மடக்கி உழுதது

தாவரவியலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தத் தகுதியோடுதான், பக்கத்து வீட்டு அம்மாள் மூன்று வருடம் வளர்த்த பூச்செடிகளை, அவர் ஊரில் இல்லாதபோது துண்டு துண்டாக வெட்டி மண்ணுக்குள் புதைத்தேன். கெட்ட எண்ணமில்லை. உதவி என்று நினைத்தேன்.

கலிபோர்னியாவில் எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி எல்லாம் சிமெண்ட். செருப்பைக் கழற்றி மண்ணை மிதிக்க எனக்கிருந்த ஒரே இடம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லிண்டாவின் தோட்டம். நான் கத்தரி போட ஒரு மூலையும், பின்கதவின் சாவியும் கொடுத்திருந்தார். மார்ச்சில் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர், செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் போனார்.

மறுநாள் பார்த்தால் ஒரு பாத்தி முழுக்க ஊதாப் பூங்கதிர். விரல்களை விரித்தாற்போல இலை. அவரைக் குடும்பம் என்று பார்த்ததுமே தெரிந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் நிலத்தில் நடவுக்கு முன் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைப்போம். பூவெடுத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டும். நாள் கடந்தால் தண்டு முற்றிப்போய் மட்காது. வரப்போரக் கொழிஞ்சிக்கும் அதே கதிதான். அதுவும் ஊதாப் பூ. பாவம் லிண்டா, உரத்துக்குச் செடி போட்டுவிட்டு, உழவேண்டிய நேரத்தில் ஊருக்குப் போய்விட்டாரே என்று பதறினேன். தண்டைத் தொட்டால் அடிப்பக்கம் மரமாகவே இருந்தது. ஏற்கெனவே தாமதம்! மண்வெட்டியை எடுத்தேன்.

"என் லூப்பின் எங்கே?" என்றார் திரும்பி வந்த லிண்டா.

"மண்ணுக்குள்ளே. இனிமேல் தக்காளி எப்படிக் காய்க்கிறது பாருங்கள்."

எதற்கும் சிரிக்கிற மனுஷி சிரிக்கவில்லை. கையை நீட்டினார். நன்றி சொல்லிக் கைகுலுக்க வருகிறார் என்று நானும் கையை நீட்டினேன். அவர் கேட்டது சாவியை.

இரண்டு வாரம் ஜன்னல் வழியாக அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் லிண்டாவே கதவைத் தட்டினார். நான் வெட்டியது வெள்ளி லூப்பின் என்றார். அது முற்றிய செடி அல்ல, பிறவியிலேயே புதர். ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடி. அனுமதி வாங்கி மலையில் விதை சேகரிக்கும் குழுவில் லிண்டா இருந்தார். "நீயும் வா. ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவர்கள் விதைப்பையைத் தொடக்கூடாது" என்றார்.

மலையில் எல்லாமே ஊதா. நிறத்தை நம்பினால் மோசம். தேனீ வந்து போனபின் பூவிலிருக்கும் வெள்ளைப் பொட்டு சிவந்துவிடுகிறது. கணுக்கால் உயரத்தில் இரண்டு வகை. பூவின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ் அகலத்தைவிட நீளமாக இருந்தால் ஒன்று, நீளத்துக்குச் சமமாக அகன்றிருந்தால் இன்னொன்று. ஓடையோர வகைக்குத் தண்டு சதைப்பற்றாக, உள்ளே குழாயாக இருக்கும். இலையின் மேற்புறம் வழவழப்பு. வெள்ளி லூப்பினுக்கோ இலையின் இருபுறமும் வெள்ளியாய் மின்னும் பட்டு ரோமம், பெரிய இதழின் முதுகிலும் ரோமம். லென்ஸை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் குனிந்து கிடந்தேன்.

சிதம்பரத்தில் படித்தபோது இப்படிக் குனிந்ததில்லை. இறுதியாண்டில் ஐம்பது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி ஹெர்பேரியம் கொடுக்க வேண்டும். நானும் கூடப் படித்த முதுநகர் அன்புவும் சீனியர்களிடம் பழையதை வாங்கி, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் கொடுத்தோம். காலங்காலமாக நடப்பதுதான். என் கொழிஞ்சித் தாளில் மட்டும் தேதியை மாற்ற மறந்துவிட்டேன்.

தேர்வாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, நீ காலேஜ்ல சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பறிச்சிட்டியாப்பா?"

"அவனுக்கு ஆர்வம் ஜாஸ்தி சார்" என்றான் பின்னால் நின்ற அன்பு. அவர் சிரித்துவிட்டதால் நாங்கள் இருவரும் பட்டதாரிகள்.

மே மாதக் கடைசியில் லிண்டா பரீட்சை வைத்தார். ஒவ்வொரு கொத்தாக நீட்டினார், சொன்னேன். கடைசியாக இலையும் இல்லை, தண்டும் இல்லை, ஒற்றைப் பூ. இங்கே பழைய தாள் கொடுக்க சீனியரும் இல்லை. பெரிய இதழைத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். முதுகில் பூனைமுடி.

"வெள்ளி."

லிண்டா விதைப்பையை என் தோளில் மாட்டினார். வீடு திரும்பியதும் பின்கதவுச் சாவியையும் கொடுத்தார்.

மறுநாள் காலை, மலையில் சேகரித்த விதையைப் போட, வெறுங்காலோடு அந்தப் பாத்தியில் இறங்கிக் கிளறினேன். பாதி மட்கிய தண்டுகள் மேலே வந்தன. கூடவே அந்த வாடை. வீராணத்துத் தண்ணீர் பாய்ந்து சேறு கலங்கி நிற்கும் எங்கள் வயலின் வாடை, கொஞ்சமும் மாறாமல். கீழே கால் காட்டுமன்னார்கோயிலில் நின்றது. மேலே என் கை, இந்த மலைக்கே உரிய விதைகளைப் பொத்திப் பிடித்திருந்தது. ஊரிலிருந்தவரை கொழிஞ்சிப் பூவின் முதுகை ஒருநாளும் திருப்பிப் பார்க்காதவன், இங்கே நான்கு லூப்பினுக்கு அங்க அடையாளம் சொல்கிறேன்.

இதையெல்லாம் உருகி உருகி அன்புவிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"ஏன் மச்சான், அந்தம்மா சொன்ன மாதிரி தண்ணிய மட்டும் ஊத்திட்டு வந்திருந்தா, இம்மாம் படிப்பு படிச்சிருக்க வேணாம் இல்ல?"