வால்வு யந்திரத்தின் நான்கு பெண்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து சிவகாமி அக்காவின் மகன் அழைத்தான். "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றான். இருவரும் அழுது ஓய்ந்தபின், பத்திரிகைக்குக் கொடுக்கும் மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச்சொன்னான்.

பிழை இருக்கவில்லை. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மாமியார் என்று உறவுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் லண்டனின் சட்டன் பகுதியில் ஓர் அலுவலகத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அகதியாக வந்த எனக்கு இந்த நாடு தந்த முதல் நல்ல காரியம் அந்த மேசைதான். புதிய கணினிகள் வந்த அன்று எல்லோரும் தொடப் பயந்து நின்றோம். அக்கா மட்டும் காதை வைத்துப் பார்த்தார். "இது ஊமையடி. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு எப்பிடித் தெரியும்?" என்றார்.

அன்றைக்குத்தான் அறிந்தேன். ஐம்பதுகளில் படிக்க வந்த அக்கா, லண்டனின் ஆரம்பகாலக் கணினி ஒன்றை இயக்கிய நான்கு பெண்களில் ஒருவர். மண்டபம் நிறைந்த யந்திரம், பல்புகள்போல ஒளிரும் ஆயிரக்கணக்கான கண்ணாடி வால்வுகள். கணக்குப் போடும்போது ஒலிபெருக்கியில் இரையுமாம். சத்தம் மாறினால் ஏதோ பிழைத்துவிட்டது என்று நால்வரும் ஓடுவார்களாம்.

தொண்ணூறுகளில் ஒரு கண்காட்சியில் அதன் படத்தைப் பார்த்தோம். கீழே, வடிவமைத்த ஆண்களின் பெயர்கள் இருந்தன. முன்னால் நின்ற பெண்கள் நால்வருக்கும் சேர்த்து 'இயக்குநர்கள்' என்று ஒரே சொல். நான் கோபத்தில் குதித்தேன், பொறுப்பாளரை இழுத்துவந்தேன். அவர் மரியாதையாகவே அக்காவின் பெயரைக் கேட்டார். அக்கா படத்தில் ஒவ்வொருவராகத் தொட்டு, "ஜோன், மொரின், ஷீலா" என்றார். தன் பெயரைக் கடைசியில்தான் சொன்னார்.

அவர் கேட்டது உங்கட பேரைத்தானே என்று திரும்பும்போது ரயிலில் சண்டை பிடித்தேன். அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் குரலை உயர்த்தமாட்டார். "என்ர பேரை மட்டும் சொன்னா, நான் தனிய ஓட்டினதெண்டெல்லோ ஆகும்? அதுகள் மூண்டும் இப்ப இல்லை. சொல்லுறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்."

அக்காவின் மகனிடம், அந்த மூவரின் பெயரோடு அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அன்ரி, அதில சொந்தக்காரரின்ர பேர்தானே போடுறது?" என்று தயங்கினான்.

"ஓம், சொந்தக்காரர்தான்" என்றேன்.

அறிவித்தல் வெளிவந்துவிட்டது. மருமக்களின் பெயர்களுக்குப் பின்னால், 'ஜோன், மொரின், ஷீலா ஆகியோருடன் ஆரம்பகாலக் கணினியை இயக்கியவரும் ஆவார்' என்று இருக்கிறது. யார் இந்த வெள்ளைக்காரிகள் என்று ஆட்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லுகிறேன். இப்போது மிச்சம் நான்தான், அக்கா.