பேசினின் அடி தெரியும்வரை

ஒரு வெள்ளைப் பீங்கான் பேசின். விளிம்பில் நீலக் கோடு ஓடும். நடு அடியில் பூச்சு பெயர்ந்து அரையணாக் காசு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. வெறும் ஆஸ்பத்திரி சாமான்தான். ஆனால் அந்தப் புள்ளி எப்போது கண்ணில் படும் என்று நானும் உங்கள் பெரியம்மாவும் எரிச்சலோடு காத்துக் கிடந்தோம், பிள்ளைகளே. அது தெரியாமல் உங்கள் பெரியப்பா வயிற்றில் கத்தி வைக்க மாட்டேன் என்று ஒரு டாக்டர் பிடிவாதம் பிடித்தார்.

என் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே பாதிப்பேர் மடியில் சோடா உப்புப் பொட்டலம் இருக்கும். நெஞ்சுக்குழி எரிந்தால் ஒரு சிட்டிகை தண்ணீரில் கலக்கிக் குடித்து, ஏப்பம் விட்டு, அடுத்த மூட்டைக்குக் குனிவார்கள். அண்ணனும் வருஷக்கணக்காய் அப்படியே ஓட்டினார். கடைசியில் காலையில் தின்ற சோறு சாயங்காலம் அப்படியே வெளியே வந்தது. ஆள் எலும்பும் தோலுமானார். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த பெரிய டாக்டர் சீமைக்குப் போய் இரைப்பை அறுவையைத் தனியாகப் படித்து வந்தவர். மற்ற டாக்டர்கள் எல்லாவற்றையும் அறுப்பார்கள். இவருக்குத் தொண்டைக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, அவ்வளவுதான் உலகம். திராவகம் குடித்துத் தொண்டைக்குழல் வெந்தவர்களும் இவரிடம்தான் வருவார்கள். அண்ணனின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, காதை வயிற்றருகே கொண்டுபோய்க் குலுக்கினார். பாதி நிறைந்த குடம்போல உள்ளே சளக் சளக்கென்றது. "இரைப்பை வாசல் அடைச்சிருக்கு. புண்ணு ஆறி ஆறித் தழும்பாயிடுச்சு. அறுக்கணும்" என்றார். "இன்னிக்கே அறுத்துடுங்க சார்" என்றேன். "இன்னைக்கா? முதல்ல கழுவணும்."

கழுவினார், கழுவினார், அப்படிக் கழுவினார். தினமும் சாயங்காலம் வாய் வழியாக ஒரு சிவப்பு ரப்பர் குழாய், அதன் தலையில் புனல். தண்ணீரை ஊற்றிப் புனலைத் தாழ்த்தினால் நேற்றைய, முந்தாநாளைய பருக்கை எல்லாம் பேசினில் வந்து விழும். அண்ணன் கையில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்; வாய்க்கு வெறும் கஞ்சித் தண்ணீர்தான். டாக்டர் பேசினை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். "அடி தெரியுதா?" தெரியாது. "அப்ப நாளைக்கு." இதைக் கேட்கவே நான் திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். அண்ணி வாய்விட்டே திட்டினாள்: "இன்னா தம்பி இது, அறுக்கச் சொன்னா மன்சன் அண்டா கழுவிகினு கீறாரு!"

ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. மறுநாள் அறுவை என்று முடிவானது. அன்று மத்தியானம் அண்ணி தூக்குச்சட்டியில் சுறாப்புட்டு கொண்டுவந்து அண்ணனுக்கு ஊட்டிவிட்டாள். வெறும் வவுத்தோட கத்திக்குப் போனா உசுரு நிக்குமா என்பது அவள் கவலை. எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாயங்காலம் குழாய் அடைத்துக்கொண்டது. "இது என்ன?" என்றார் டாக்டர். "கஞ்சிதான் சார்" என்றாள் அண்ணி. "கஞ்சியில சுறா நீந்துதாம்மா?" வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அறுவை கிடையாது. மறுபடி கழுவணும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உசுரு போனப்புறம் கழுவிகினு இரு! அறுக்க பயமா கீதுன்னா சொல்லு, வேற டாக்டராண்ட போறோம்" என்று கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. "சீமையிலேர்ந்து வந்த புதுசுல, உன்ன மாதிரியே ஒரு தம்பி, அண்ணனை உடனே அறுக்கச் சொல்லிக் கத்தினான். மறுநாளே அறுத்தேன். அவ்வளவு அழகான தையல். ஆனா உடம்புல உப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. ஆள் எழுந்திருக்கல. அறுக்கிறது ஒரு பொழுது வேலைப்பா. தாங்குற உடம்பைக் கொண்டாறதுதான் என் வேலை. நீ எவ்வளவு வேணா கத்து. இந்தத் தடவை கேக்க மாட்டேன்." அண்ணி தூக்குச்சட்டியை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளே கட்டிலருகே காவல். பார்க்க வந்தவர்கள் கையிலிருந்த ஒரு ரொட்டித் துண்டைக்கூட உள்ளே விடவில்லை. ஒரு சாயங்காலம் டாக்டர் பேசினை நீட்டினார். தண்ணீருக்கடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தது. மறுநாள் புண்ணான பாகத்தை எடுத்துவிட்டு, மிச்ச இரைப்பையைக் குடலோடு சேர்த்துத் தைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போதும் திட்டுதான். "கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடு. தட்டுல மலை மாதிரி சோறு கண்டேன்னா நானே வந்து பிடுங்குவேன்."

இன்றைக்கும் உங்கள் பெரியப்பா சின்னக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறார். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், "எதுனா கீதா?" என்று குரல் வரும். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். பெரியம்மா "திரும்பவுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டே எழுகிறாள். எனக்கும் எரிச்சல்தான். தின்று முடித்ததும் அவர் கிண்ணத்தைச் சாய்த்து எங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்: "அடி தெரியுதா?" பெரியம்மா ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தை வாங்குகிறாள்.